தன் பேரில் ஒன்றும் இல்லாதவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக இல்லை. பன்னிரண்டு வேலி, அதாவது எண்பது ஏக்கர் நஞ்சை, இரண்டு வீடு, ஒரு நெல் மில், ஒரு கறுப்பு பிளஷர் கார் என்று அவருக்கு இருந்த அத்தனையும் யார் யார் பேரிலோதான் இருந்தன. இந்தக் கட்டுரை மட்டும் அவர் பேரில் இருந்தால் அவர் ஆத்மா பதறிவிடும்.

என் மனைவி வசந்தாவுக்கு அவர் பெரியப்பா. தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். எனக்கு மாமனார் முறை என்பதால் ‘மாமா’ என்று கூப்பிட்டேன். வேறு என்னென்னவோ சொல்லிக் கூப்பிட ஆசைதான். அதற்கெல்லாம் தைரியம் வேண்டும். நான் அப்போது மாயவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். பெண் பார்த்துவிட்டுப் போன மாதத்தில், அவர் சொன்ன ஒரு வார்த்தையில் கிடைத்த வேலை அது. அந்த ஒரு வார்த்தையையும் அவர் தன் வாயால் சொல்லவில்லை. மில் மேனேஜரை விட்டுச் சொல்ல வைத்தார்.

அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூசணிப் பிஞ்சு மாதிரி வெளுத்து, மெத்தென்று, மூன்று மோதிரத்தோடு மடியில் கிடக்கும். பிறந்ததிலிருந்து எதையும் தூக்கிப் பழகாத கைகள். வெற்றிலைச் செல்லத்தைக் கணக்குப்பிள்ளை தூக்கி வருவார். மூக்குக்கண்ணாடிக் கூடு டிரைவர் பையில் இருக்கும். துப்புவதற்குப் படிக்கத்தை நீட்ட ஓர் ஆள். சாப்பிட்ட கையைத் தானே கழுவிக்கொள்கிறாரா என்பது எனக்கு நீண்ட நாள் சந்தேகம். கல்யாணத்தன்று பார்த்தேன். கையை நீட்டினார். ஒருவர் தண்ணீர் ஊற்றினார், இன்னொருவர் துண்டால் துடைத்தார். கை மட்டும்தான் அவருடையது. அதையும் யார் பேரிலாவது எழுதி வைத்திருந்தாரோ என்னவோ.

நில உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்துக்கு இறங்கியிருந்த காலம் அது. கீழ்வேளூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு சிவப்புக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. மற்ற மிராசுதார்களெல்லாம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் பத்து வயது குறைந்தவர் போல ஆனார். தன் சாமானைப் பிறத்தியார் கையில் கொடுத்து வைப்பது அவருக்குப் பிறவிக் குணம் அல்லவா. மைத்துனர் பேரில் கொஞ்சம், சமையல்காரர் பேரில் கொஞ்சம், ஊரில் இல்லாத ஒரு பஜனை மடத்தின் பேரில் கொஞ்சம். செத்துப்போன தங்கை பேரில்கூட இரண்டு மா இருந்தது. அந்த அம்மாள் காலமாகி ஒன்பது வருஷம் கழித்து நிலம் வாங்கி, தவறாமல் கிஸ்தியும் கட்டி வந்தாள். அரசியலிலும் இதே ஏற்பாடுதான். பெரிய மகன் ஆளும் கட்சி, சின்ன மகன் எதிர்க்கட்சி. இவர் கட்சிக் கரை இல்லாத வெள்ளை வேட்டி.

எங்கள் கல்யாணம் முடிந்த நான்காம் நாள் கணக்குப்பிள்ளை நான்கு காகிதங்களைக் கொண்டு வந்து நீட்டினார். “மாப்ள, ஒரு கையெழுத்து. எல்லாம் நம்ம வீட்டுப் பழக்கம்தான்” என்றார் மாமா. சீர்வரிசை வாங்கிக்கொண்டதற்கு ஏதோ ரசீது கேட்கிறார்கள் என்று நினைத்து, முழுக்கை மடிப்புக் கலையாமல் போட்டேன். வசந்தாவும் போட்டாள். தமிழில் எழுதியிருந்ததை ஒரு தமிழாசிரியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். ஜிலேபி சூடாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது, கணக்குப்பிள்ளை கையெழுத்தில். ‘புதுஜோடி இன்னும் தஞ்சாவூர் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டோம். வெள்ளிக்கிழமை காலை பெரிய கோயில் வாசலுக்கு வந்து சேரவும். நாம் இருந்து சுற்றிக் காட்டுவோம்.’

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பின் நாங்கள் ஒன்றாகப் போகும் முதல் ஊர். வெண்ணிற டெர்லின் சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன்.

“பெரியப்பா சும்மா கூப்பிட மாட்டாங்களே” என்றாள் வசந்தா.

“பாசம் இருக்காதா?”

“இருக்கும். யார் பேர்ல வச்சிருக்காங்களோ.”

தஞ்சாவூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அடைமழை. வசந்தாவின் சின்னக் குடை கோட்டை அகழிக்கருகில் அடித்த காற்றில் தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்து, அப்படியே நின்றுவிட்டது. பத்து நிமிஷத்தில் என் டெர்லின் சட்டை கண்ணாடித் தாளாகி, உள்ளே இருந்த பனியனையும் அதில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் ஊருக்கெல்லாம் காட்டியது. சரித்திரப் புகழ் பெற்ற நகரத்துக்குள் அந்தக் கோலத்தில்தான் பிரவேசித்தேன்.

கோயில் வாசலில் பிளஷர் கார் நின்றது. மாமா இறங்கினார். இறங்குவதற்கு முன்பே அவர் தலைக்கு மேல் பெரிய தாழங்குடை மாதிரி ஒரு கறுப்புக் குடை விரிந்தது. பிடித்திருந்தவர் அவர் நிலத்தில் உழும் வீரையன். ஐம்பதைத் தாண்டியவர். குடைக்கு வெளியே அரை அடி தள்ளி நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பிடித்திருந்தார். அவர் முதுகில் மழை ஓடியது. முன்பெல்லாம் மாமாவை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவாராம். ஊரில் கொடி ஏறியதிலிருந்து அது ‘அய்யா’ ஆகியிருந்தது. குடை மட்டும் கை மாறவில்லை.

“வாங்க மாப்ள. நல்ல மழை. ஊர் குளுகுளுன்னு இருக்கு” என்றார் மாமா, ஒரு சொட்டுக்கூடப் படாமல்.

உள்ளே போனதும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். மேகம் உச்சியில் உரசிக்கொண்டு போனது. வசந்தா என் கையை மெதுவாகப் பிடித்தாள். வாழ்க்கையில் எத்தனையோ கவிதை பாடம் நடத்தியிருக்கிறேன், அந்த நிமிஷம்தான் ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. அதற்குள் மாமா அடிச்சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கல்வெட்டைக் காட்டினார்.

“நீங்கதான் தமிழ் வாத்தியாராச்சே. என்ன எழுதிருக்கு, படிங்க.”

எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. “ராஜாவோட புகழைப் பாடிருக்கு மாமா” என்று அடித்துவிட்டேன்.

“புகழாவது. எந்த ஊர்ல எத்தன வேலி, யார் பேர்லன்னு எழுதிருக்கு. பூரா சாமி பேர்ல. கெட்டிக்காரன்யா. ஆயிரம் வருஷமாச்சு, எந்த சர்க்காராவது சாமிய விசாரணைக்குக் கூப்பிட்டுச்சா சொல்லுங்க.”

அவ்வளவு பெரிய கோயிலைப் பார்த்து அந்த மனுஷனுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அன்று முழுவதும் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நடந்தேன். அருவருப்பினால் என்று சொல்லிக்கொள்ள ஆசை. குடையில் இடம் இல்லை என்பதும் உண்மை.

சன்னதியில் அர்ச்சனைத் தட்டைக் குருக்கள் வாங்கிக்கொண்டு, “பேர், நட்சத்திரம்?” என்றார். மாமா என் பேரைச் சொன்னார். என் நட்சத்திரத்தையும் சரியாகச் சொன்னார். பெற்ற தகப்பனுக்கே என் நட்சத்திரம் நினைவிருந்ததில்லை. குருக்கள் மந்திரத்தை முடித்து விபூதியை என் கையில் போட்டுவிட்டு, “கவலையே வேண்டாம். மத்தியானம் விசாரணையெல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும், போங்கோ” என்றார்.

“யாருக்கு விசாரணை?” என்றேன்.

“உங்களுக்குத்தான்னு சொன்னாரே” என்று மாமாவைக் காட்டினார்.

மாமா விபூதியைத் தன் நெற்றியில் இடச் சொல்லி டிரைவரிடம் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

நந்தி மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் விவரம் சொன்னார். நாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதங்களின்படி, பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நஞ்சையை நானும் வசந்தாவும் அவரிடமிருந்து விலைக்கு வாங்கியிருக்கிறோம். நாங்களே பயிர் செய்கிறோம் என்று உறுதிமொழியும் கொடுத்திருக்கிறோம். அது நிஜமான விற்பனைதானா என்று உச்சவரம்பு அதிகாரி மூன்று மணிக்கு விசாரிக்கிறார்.

“ஒரு கஷ்டமும் இல்ல மாப்ள. நாலெல்ல கேப்பான். சொல்லிட்டா முடிஞ்சுது. அதுவரைக்கும் ஊர் பாக்கலாம். எங்க, சொல்லுங்க. கெழக்கே?”

“நந்தி மாமா.”

“வெளையாடாதீங்க. கெழக்கே பெருமாள் கோயில் மானியம். மேக்கே பாசன வாய்க்கால். வடக்கே வண்டிப்பாதை. தெக்கே ரெட்டப் பன. சொல்லுங்க.”

சொன்னேன். வகுப்பில் நான் பையன்களைப் படுத்திய பாடெல்லாம் அங்கே எனக்குத் திரும்பிக் கிடைத்தது. தப்பாகச் சொன்னால் மறுபடியும் கிழக்கிலிருந்து. மூன்றாம் தடவை தடுமாறாமல் ஒப்பித்துவிட்டு, பெருமையோடு வசந்தாவைப் பார்த்தேன். அவள் வீரையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீரையன் மண்டபத்துக்கு வெளியே, மடக்கிய குடையைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்தது அரண்மனை. மாமா காரிலேயே உட்கார்ந்துகொண்டார். “பழைய சுவருதானே, நீங்க பாத்துட்டு வாங்க. வீரையா, பாப்பாவுக்குக் குடை புடி” என்றார்.

நாலடி போனதும் வசந்தா குடைக்காம்பைப் பிடித்தாள். “கொண்டா, நான் புடிக்கிறேன். நீ உள்ள வா.”

“வேணாம் பாப்பா. அய்யா பாப்பாரு.”

“பாக்கட்டும்.”

குடைக்குள் அவர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். எஞ்சியிருந்த இடத்தில் என் இடது தோள் மட்டும் பிடித்தது. அப்படியே மூன்று பேரும் ஒழுகும் தர்பார் மண்டபத்துக்குள் நுழைந்தோம். சுவரில் ராஜாக்கள் நிறம் உதிர்ந்து நின்றார்கள். கீழே அங்கங்கே வாளி வைத்து ஒழுகுவதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பதினஞ்சு மா நீ உழற நெலந்தானே?” என்று வசந்தா கேட்டாள்.

“ஆமா பாப்பா. எங்கப்பன் காலத்துலேருந்து.”

“இன்னிக்கு எதுக்கு வந்திருக்கோம்னு தெரியுமா?”

“தெரியாம என்ன. நான்தான் உழறேன்னு சங்கத்துத் தம்பிங்க மனு எழுதிக் குடுத்தாங்க. கைநாட்டு வச்சேன். நீங்க வாங்குனது செல்லாதுன்னா நெலம் உழறவனுக்கு வருமாம்.” ராஜாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அய்யாவுக்குத் தெரிஞ்சு போச்சு. நான் வெறும் கூலியாள்னு ஆபீசர்கிட்ட சொல்லிடுன்னாரு. சொல்லலன்னா குடியிருக்குற மனையும் கெடையாதுன்னாரு. அதான் கூடக் கூட்டியாந்திருக்காரு.”

“சொல்லப் போறியா?”

“மூணு புள்ளங்க இருக்கு பாப்பா. வாத்தியாரய்யா அங்க என்ன சொல்லுறாருன்னு பாக்கணும்.”

வாத்தியாரய்யா ராஜாவின் மீசையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரையன் வாளியைத் தாண்டி முன்னால் போனதும் வசந்தா என்னிடம் திரும்பினாள். “என்ன சொல்லப் போறீங்க?”

“வசந்தா, கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்திச் சொன்னா பொய் சத்தியம் பண்ணுனதா ஆயிடும். வேலையும் அவர் வாங்கிக் குடுத்தது. பள்ளிக்கூட கரெஸ்பாண்டென்ட் அவர் சிநேகிதர்.”

“அப்ப நீங்க உழப் போறீங்களா?”

“சட்டப்படி...”

“எந்தப் பக்கம் நின்னா மாடு உதைக்கும்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. இன்றுவரை தெரியாது.

மூன்று மணிக்கு விசாரணை. அதிகாரி ஒல்லியாக, ஜலதோஷத்தோடு இருந்தார். மேசையில் கட்டுக்கட்டாக ஈரக் காகிதங்கள். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார், மடியில் கைகளோடு. வீரையன் கதவோரம் நின்றார். என்னைக் கூப்பிட்டதும் நான் எதிரே போய் நின்று, கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தேன். கிழக்கே பெருமாள் கோயில் மானியம், மேற்கே பாசன வாய்க்கால், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இரட்டைப் பனை. குரல் ஏற்ற இறக்கத்தோடு கணீரென்று வந்தது. மாமா கண்ணை மூடி ரசித்தார்.

அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டார். “நல்லா சொன்னீங்க. இப்ப வயல்ல என்ன நிக்குது?”

இது பாடத்தில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். “தண்ணி நிக்குதுங்க” என்றேன்.

“அது எங்க ஆபீஸ் வாசல்லயும் நிக்குது சார். பயிர் என்ன?”

“நெல்லுங்க.”

“சந்தோஷம். குறுவையா, சம்பாவா, தாளடியா?”

மூன்றில் ஒன்று என்று தெரிந்த மாணவனுக்கு நம்பிக்கை பிறக்கும். “குறுவை” என்றேன் உறுதியாக. அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அறுவடை முடிந்துவிடும் ஐப்பசியில், அடைமழையில், வயலில் குறுவை நிற்கிறது என்று தஞ்சை ஜில்லாவில் அதுவரை யாரும் வாக்குமூலம் கொடுத்ததில்லை போலிருக்கிறது.

மாமா தொண்டையைச் செருமினார். “அவர் வாத்தியாருங்க. மேல்பார்வைதான். நெலத்த எங்க பொண்ணுதான் பாத்துக்குது. அதக் கேளுங்க, கிராமத்துல வளந்த பொண்ணு. எல்லாம் தெரியும்.”

அதுதான் அவர் செய்த தப்பு. வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் பிறர் வாயில் போட்டே பழகியவருக்கு, அந்த வாய்க்குள் அவர்களுடைய நாக்கும் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அதிகாரி வசந்தாவைப் பார்த்தார். அவள் நனைந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளுக்கு இருந்த ஒரே பிறந்த வீடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

“தாளடி நிக்குதுங்க” என்றாள். “நட்டுப் பதினெட்டு நாள் ஆவுது. நாத்து பத்தாம வடக்கு மூலையில ரெண்டு குழி கடசியா நட்டாங்க. அது கொஞ்சம் வெளுத்துக் கெடக்கு. போன வாரம் ஊருக்குப் போனப்ப பாத்தேன்.”

“நட்டது யாரும்மா?”

“வீரையனும் அவங்க வீட்டு ஆளுங்களும். உழுததும் அவருதான். நான் பொறந்ததுலேருந்து அந்த வயல்ல வேற யாரு ஏரும் எறங்கிப் பாத்ததில்லீங்க. நாங்க வாங்கவும் இல்ல. ஒரு காகிதத்துல கையெழுத்துக் கேட்டாங்க, படிக்காமப் போட்டுட்டோம்.”

“சின்னப் பொண்ணு. மழையில நனைஞ்சது, ஒடம்புக்கு...” என்று மாமா ஆரம்பித்தார்.

“நீங்க அப்பறம் பேசலாம்” என்றார் அதிகாரி. கதவோரம் பார்த்து, “என்னப்பா, அந்தம்மா சொல்றது?” என்றார்.

வீரையன் மாமாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. “நெசந்தாங்க” என்றார்.

வெளியே வந்ததும் மாமா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. காரில் ஏறினார், கதவை டிரைவர் சாத்தினார், கார் போயிற்று. ஒரு வாரம் கழித்துப் பெரியம்மாவின் பேரில் ஒரு கடிதம் வந்தது, இனி அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க வேண்டாம் என்று. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோபத்தைக்கூட அந்த ஆள் தன் பேரில் வைத்துக்கொள்ளவில்லை. வசந்தா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று ரசத்தில் உப்பு இல்லை. நான் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

விற்பனை செல்லாது என்று உத்தரவானது. நிலத்தை உபரியென்று எடுத்து, மறு வருஷம் வீரையனுக்கே பட்டா கொடுத்தார்கள். அவர் மனையில் யாரும் கை வைக்கவில்லை. ஊரில் கொடி உயரமாகிக்கொண்டிருந்தது, மாமாவுக்கு உயரம் பார்க்கத் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் அவரை வெறுத்து மறந்திருப்பேன். பட்டா கொடுத்த அந்த வருஷத் தையில் பள்ளிக்கூட கரெஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாமாவின் ஊரில் ஆளும் கட்சிப் பொதுக்கூட்டம், பெரிய மகன் ஏற்பாடு. உழுதவனுக்குத் தாமாக முன்வந்து நிலத்தை வழங்கிய பெருந்தகை என்று மாமாவுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். வாழ்த்து மடல் எழுதி வாசிக்க ஒரு தமிழாசிரியர் வேண்டும்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வரவில்லை.

“எழுதுங்க” என்றாள். “நல்லா எழுதுங்க. நானும் வந்து கேக்குறேன்.”

எழுதினேன். எதுகை மோனையோடு இருபத்துநான்கு அடி. ‘ஈந்து சிவந்த கரம்’ என்று ஒரு வரி. பூசணிப் பிஞ்சை மனதில் வைத்துக்கொண்டுதான் அதையும் எழுதினேன்.

மேடையில் மாமா நடுவில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடையை வாங்கக் கை நீட்டவில்லை, போர்த்தினார்கள். மாலையைப் பக்கத்திலிருந்தவர் கழற்றி வைத்தார். மைக்கில் வீரையனைக் கூப்பிட்டார்கள். வயலிலிருந்து நேராக வந்தவர் போல முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்.

“அய்யாதான் மனசு வச்சு நெலத்தக் குடுத்தாருன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க” என்றார் வீரையன். “சொல்லிட்டேன். அறுப்பு நடக்குது. நான் வர்றேன்.”

இறங்கிப் போய்விட்டார். பிறகு கூட்டத்தின் கடைசியில் யாரோ சிரித்தார்கள், அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மாமாவுக்கு அது கைதட்டல் மாதிரி கேட்டதோ என்னவோ, தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது நான். மைக்கை என் உயரத்துக்கு ஏற்றினார்கள். காகிதத்தைப் பிரித்தேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம், தொண்டை கட்டிவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். இருபத்துநான்கு அடியையும் ஒன்று விடாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அதற்குள் கூட்டத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. பெண்கள் வரிசையில் வசந்தா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மாமாவைப் பார்க்கவில்லை.